நேற்று வந்த டிஸ்க்

பதிவகத்தின் கம்ப்யூட்டர் ஒருநாள் காலை கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் அது ஏறக்குறைய இதே வேகத்தில்தான் ஓடியது. பொதுமக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கம்போல வந்து வரிசையில் நின்றார்கள், வழக்கம்போல மதியம் வீட்டுக்குப் போனார்கள்.

மேலிடம் இரக்கப்பட்டு ஒரு புது டிஸ்க்கை அனுப்பி வைத்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் தகடு. இத்தனை பேருடைய கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் இதற்குள் போய்விடுமா என்று பதிவாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அது தன்னைவிட இளையது என்ற முடிவுக்கு வந்தவர்போல மேஜைமேல் வைத்துவிட்டார்.

இரண்டாம் மேஜையில் உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. எதைக் கேட்டாலும் "நிதானமா பாப்போம்" என்பார், அதனால் வந்தது. அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அவர் பொறுப்பில் இருந்தது. அதாவது, காணாமல் போனால் அவரைக் கேட்பார்கள்.

நிதானத்தின் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை. மறுநாள் விடிந்தால் கப்பலேற வேண்டும். அதற்குள் கல்யாணம் பதிவாகிவிட்டால் கம்பெனி அவளுடைய பெயரையும் சேர்த்துக்கொள்ளும், பின்னாலேயே அவளும் துறைமுகக் குடியிருப்புக்குப் போய்விடலாம். ஆகாவிட்டால் அவர் அடுத்த வருஷம் திரும்பி வரும்வரை அவள் அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். கம்பெனியைப் பொறுத்தவரை அவர் பிரம்மச்சாரி.

சம்பந்திக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி அறுப்பவர், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுபவர். பக்கத்து ஊர்ப் பதிவகத்தில் கூட்டமே இல்லையாம், அங்கே போனால் கையோடு முடிந்துவிடும் என்று அவர்தான் முதலில் சொன்னார். நிதானம் சிரித்தார்.

"நம்ம ஆபீஸ் இருக்கறப்போ ஊர் ஊராப் போவாங்களா சம்பந்தி? என் மேஜைக்கு எதிர்லதான் நடக்கும். நீங்க வந்து உக்காந்தா மட்டும் போதும்."

சம்பந்தி வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது அத்தனையையும் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

அன்று காலை கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வந்து, பழைய டிஸ்க்கைத் துடைத்துக் காலி செய்து, புது டிஸ்க்கை மாட்டி, அதில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். எதிர் பெஞ்சில் சம்பந்தி, மாப்பிள்ளை, மகள், நிதானத்தின் மனைவி நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பழுதுபார்ப்பவர் மெஷினை உசுப்பும்போது ஏதோ ஒரு விசையை அழுத்திப் பிடித்தார், ஒரு பட்டியல் வந்தது, அதில் புது டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினார். திரை நீலமாக விழித்துக்கொண்டது. நிதானம் பெஞ்சைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். வீட்டில் விளக்குப் போட்டுக் காட்டுகிறவர் மாதிரி இருந்தது அந்த ஆட்டல்.

அப்போதுதான் பழுதுபார்ப்பவர், பிரிண்டர் பேசமாட்டேன் என்கிறது, அதற்கு டிரைவர் போட வேண்டும் என்றார்.

இதைக் கேட்டதும் கண்காணிப்பாளர் தன் இடத்தை விட்டு எழுந்து வந்தார். பணி விதிகள் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். மற்ற எதையும் மனதில் வைத்துக்கொள்ள அதனால் இடமில்லாமல் போனவர். டிரைவர் பணியிடம் நிரப்பத் தடை இருக்கிறது என்று அவர் நினைவுபடுத்தினார். இது ஆள் இல்லை, மெஷினுக்குள் ஏற்றுகிற ஒரு சமாச்சாரம் என்று பழுதுபார்ப்பவர் பொறுமையாக விளக்கினார். கண்காணிப்பாளருக்கு அது தெரியாமல் இல்லை.

"ஆளா இருந்தா என்ன, சமாச்சாரமா இருந்தா என்ன தம்பி. பேரு டிரைவர்தானே? நம்மகிட்ட ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. அவரை வெச்சுக்கிட்டு வெளியிலிருந்து இன்னொண்ணை உள்ளே விட முடியாது."

இருந்தது உண்மை. அலுவலகத்துக்கு ஒரு ஜீப் இருந்தது, அதை ஏலத்தில் விட்டார்கள். டிரைவரை ஏலத்தில் விட விதியில்லை. அதனால் அவர் தினமும் சீருடையில் வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவரை அழைத்து வந்து, பிரிண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இன்று முதல் நீங்கள்தான் இதற்கு டிரைவர் என்று கண்காணிப்பாளர் அறிவித்தார். ஜீப் டிரைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முன்பக்கம் எது என்று மட்டும் கேட்டார்.

இந்த நியமனம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பழுதுபார்ப்பவர் சத்தம் போடாமல் உண்மையான டிரைவரை ஏற்றிவிட்டார். பிரிண்டர் உறுமியது. ஜீப் டிரைவர் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் சார். ரொம்ப நாளா நிக்க வெச்சிருக்காங்க, அதான்."

சம்பந்தி மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். அந்த மரியாதைதான் நிதானத்தின் காதுமடலைச் சுட்டது. கேலி செய்திருந்தால் கோபப்படலாம். அவர் எல்லாவற்றையும் நம்பினார்.

இனி ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அப்போதுதான் டிரைவர் ஒட்டிக்கொள்ளும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். அணைத்தார். அந்த நேரம் பார்த்து வாசல் காவலர் வந்து, வெளியாள் அனுமதி முற்பகல் வரைதான், இது பிற்பகல் என்று அவர் தோளில் கை வைத்தார். பழுதுபார்ப்பவர் போகிறபோக்கில் நிதானத்துக்கு எந்த விசை என்று காட்டிக்கொடுத்தார். மெஷின் விழிக்கும்போது யாரை முதலில் எழுப்புவது என்று உள்ளே ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றினால் போதும் என்றார். கதவருகில் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒண்ணுமில்ல சார், புது டிஸ்க்கை மேல ஏத்தி விட்டுருங்க. அவ்ளோதான்."

மேலே ஏற்றுவது. அந்த அலுவலகத்தில் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொருவர் பாதித் தும்மலை நிறுத்திக்கொண்டார். கண்காணிப்பாளர் உட்காரப் போனவர் உட்காரவில்லை.

நிதானம் மெஷினைப் போட்டார். அது தன் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுப்பியது. முதலில் சிடி டிரைவ். அதன் வாய் திறந்தே பல காலமாகிறது, உள்ளே எதையோ மென்றுவிட்டு அடங்கியது. அடுத்து பழைய டிஸ்க். என்னிடம் ஒன்றுமில்லை என்று அது நேர்மையாகத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. அதற்கும் கீழே, கடைசியாக, எல்லாவற்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு புது டிஸ்க் காத்திருந்தது.

நிதானம் அந்த விசையை அழுத்திப் பட்டியலை வரவழைத்தார். புது டிஸ்க்கின்மேல் பட்டையைக் கொண்டுபோய் நிறுத்தினார். இனி ஒரு விரலுக்கு உண்டான வேலைதான்.

"கையை எடுங்க நிதானம்," என்றார் கண்காணிப்பாளர்.

எடுத்துவிட்டார். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். அதை மகள் பார்த்தாள்.

கண்காணிப்பாளருடைய கேள்வி எளிமையானது. சிடி டிரைவ் எப்போது பணியில் சேர்ந்தது? கம்ப்யூட்டரோடு. பழைய டிஸ்க்? அதுவும் அப்படியே. புது டிஸ்க்? நேற்று. அப்படியிருக்க நேற்று வந்ததை முதலில் நிறுத்தினால் மற்ற இரண்டின் மூப்பு என்ன ஆவது? பழையவை இரண்டும் வேலை செய்யவில்லையே என்று மூன்றாம் மேஜைக்காரம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அலுவலகத்தில் வேலை தெரிந்தவர் அவர். அந்தக் காரணத்துக்காகவே யாரும் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கண்காணிப்பாளர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார்.

"வேலை செய்யறதை வெச்சாம்மா மூப்பு பாக்கறோம்? அப்படிப் பாத்தா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்க முடியுமா? இல்ல, ஐயாதான் உள்ளே உக்காந்திருக்க முடியுமா?"

தன் பெயர் அடிபட்டதைக் கேட்டுப் பதிவாளரே அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். கூட்ட அறையில் உடைந்த நாற்காலிகள் கூட்டம் போட்டிருந்ததால், விசாரணை பெஞ்சுக்கு எதிரிலேயே நடந்தது. தற்காலிகமாக இன்று ஒருநாள் மட்டும் புது டிஸ்க்கிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமே என்று நிதானம் தரையைப் பார்த்தபடி சொன்னார். காலையில் பழுதுபார்ப்பவர் அப்படித்தானே எழுப்பினார்? அதுதான் தப்பு என்றார் கண்காணிப்பாளர். ஏற்கெனவே ஒருமுறை பொறுப்பு வகித்துவிட்டது, இரண்டாம் முறை கொடுத்தால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகும். டிஸ்க் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. போகக்கூடியவர்கள் அங்கே பலர் இருந்தார்கள்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, மனப்பூர்வமாகச் சொன்னார்.

"எங்க கடையில கண்ணாடி விரிசல் விட்டா தூக்கிக் குப்பையில போட்டுருவோம். இப்படியெல்லாம் அதுக்கு மரியாதை பண்ணணும்னு எங்களுக்குத் தோணலைங்க."

பதிவாளர் நெகிழ்ந்துபோனார். வெளியாள் ஒருவர் அலுவலகத்தைப் புரிந்துகொண்டு பேசியது அவர் அனுபவத்தில் முதல்முறை. மேஜையில் ஒரு கையை ஊன்றி, பெஞ்சைப் பார்த்து அவர் ஆற்றிய உரையில் முக்கியமான பகுதி இது:

"இந்த ஆபீஸோட பெருமை என்னன்னு கேட்டா நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். இங்க யாரும் யாரையும் தாண்டிப் போனது கிடையாது. எங்க போறோம்னு யாரும் கேட்டதும் கிடையாது. வரிசை மட்டும் எப்பவும் சரியா இருக்கும். வேலை வரும், போகும். வரிசை கலைஞ்சா திரும்ப வராது."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை மறைக்க, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் பாவனை செய்தார். அவர் கட்டியிருந்தது சாவி கொடுக்கிற வகை அல்ல.

கடைசியில் கண்காணிப்பாளரே ஒரு வழி கண்டுபிடித்தார். விதிகளில் இல்லாத வழியா? முன்னால் இருப்பவர் தானாகவே ஆட்சேபணை இல்லை என்று வாய்திறந்து சொன்னால், பின்னால் இருப்பவரை மேலே ஏற்றலாம். சிடி டிரைவுக்கு வாய் திறக்காது. பழைய டிஸ்க் பேசும் நிலையில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகப் பொறுப்பில் இருப்பவர் பேசலாம். பொறுப்பில் இருப்பவர் நிதானம். பதிவாளர் முன்னிலையில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

நிதானத்துக்கு மூச்சு வந்தது. பெஞ்சில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. அப்பா சொல்லிவிடுவார் என்று தெரிந்த பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு.

அவர் வாயைத் திறக்கும்போது கண்காணிப்பாளர் அக்கறையோடு குறுக்கிட்டார். நல்லெண்ணத்தில்தான். எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான்.

"ஒரு நிமிஷம் யோசிச்சுக்குங்க நிதானம். தலைமை எழுத்தர் இடம் காலியா இருக்கு. மூப்புப்படி நீங்க. வேலைப்படி மூணாம் மேஜை அம்மா. முடிவு மேலிடத்துல தொங்கிட்டிருக்கு. இன்னிக்கு, வேலை செய்யறது முன்னாடி போகட்டும்னு உங்க வாயாலேயே சொன்னீங்கன்னா, நாளைக்கு அதையே எடுத்து உங்க முன்னால வெப்பாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

மூன்றாம் மேஜைக்காரம்மா எழுந்தார். தலைமை எழுத்தர் இடத்துக்குத் தன் பெயரை எதிலும் எழுத வேண்டாம், பெண்ணுடைய காரியம் நடக்கட்டும், வேண்டுமானால் அந்த விசையைத் தானே அழுத்துகிறேன் என்றார். பொறுப்பில் இல்லாதவர் தொடக் கூடாது என்றார் கண்காணிப்பாளர். அம்மா உட்கார்ந்தார்.

இப்போது எல்லோரும் நிதானத்தைப் பார்த்தார்கள். பிரிண்டர் பக்கத்தில் ஜீப் டிரைவர்கூட, ஓட்டிக்கொண்டிருக்கிறவர் ஒரு கணம் பக்கவாட்டில் திரும்புவதுபோல் திரும்பிப் பார்த்தார். நிதானம் மகளைப் பார்த்தார். தலைமை எழுத்தர் மேஜையைப் பார்த்தார். அந்த மேஜையில் ஒரு மின்விசிறி உண்டு. சின்ன விசிறிதான், முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பல கோடைகளாக அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அது ஏன் கண்ணில் படுகிறது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தது, வார்த்தைதான் வரவில்லை. வந்தது வேறு.

"நிதானமா பாப்போம் சார்."

"ரொம்ப முதிர்ச்சியான முடிவு," என்றார் பதிவாளர். விவகாரத்தை மூப்பு ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் அந்தச் சிரிப்பை உடனே எடுத்துவிடவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாத சாமானைப்போல் கொஞ்ச நேரம் முகத்தில் வைத்திருந்துவிட்டு, மெல்ல எடுத்தாள். பேசியது மனைவிதான்.

"வாங்க, பக்கத்து ஊருக்குப் போயிடலாம். பொண்ணோட அப்பா கூட இருக்கணுமாம். உங்களுக்கு இங்க வேலை இருந்தா சொல்லிடுங்க, வேற யாரையாவது அப்பான்னு கூட்டிட்டுப் போறோம்."

சம்பந்தியின் சரக்கு வண்டியில் போனார்கள். முன்னால் சம்பந்தி ஓட்ட, பக்கத்தில் பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பின்னால் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டுகிற மரச்சட்டங்களுக்கு நடுவில் மாப்பிள்ளையும் மாமனாரும். யாரோ ஆர்டர் கொடுத்த ஆளுயரக் கண்ணாடிகள் இரண்டு பக்கமும் கட்டியிருந்தன. நிதானம் இந்தப் பக்கம் திரும்பினால் இந்த நிதானம், அந்தப் பக்கம் திரும்பினால் அந்த நிதானம். குனிந்துகொண்டார். மாப்பிள்ளை நல்ல பையன், மாமனார் சங்கடப்படுகிறாரே என்று ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் கப்பலிலும் வேலை செய்யாத பழைய பம்ப் ஒன்று இருந்ததாம்.

"அதை என்ன செஞ்சீங்க மாப்ள?" என்று நிதானம் ஆவலோடு கேட்டார். ஏதாவது நியாயம் கிடைக்கும் என்று நினைத்தார்.

"கழட்டிட்டோம் மாமா," என்றார் மாப்பிள்ளை. பிறகு, தான் சொன்னது ஆறுதல் இல்லை என்று புரிந்து, வானத்தைப் பார்த்து, மழை வருமோ என்றார்.

பக்கத்து ஊர்ப் பதிவகம் ஒரே அறை. ஒரே பெண், ஒரே கம்ப்யூட்டர். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, உட்காருங்கள் என்றார். நிதானம் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பழசுதான். உள்ளே யார் முதலில், யார் அடுத்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தட்டினார், அது விழித்தது. இத்தனை சாதாரணமாக ஒரு காரியம் நடப்பதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் அநாகரிகமாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர், வயசு எல்லாம் போயின. மாப்பிள்ளையின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது சம்பந்தி எழுந்து நின்று, கண்ணாடிக் கடை என்றார். அந்தப் பெண் தட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"பொண்ணோட அப்பா? அவர் என்ன பண்றாரு?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்பந்தி தன் கைநகத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பசையைச் சுரண்டத் தொடங்கினார். நிதானம் சொல்லியிருக்கலாம். இதே இலாகாதான், இரண்டாம் மேஜை, சீனியர். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், தடித்த எழுத்தில். மகள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். அவருக்காகத்தான் பார்த்தாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

"அப்பா சும்மாதான் இருக்காங்க."

அந்தப் பெண் தட்டினார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பி, பெரியவர் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடலாம், அச்சாகிவிட்டால் அவ்வளவுதான் என்றார்.

நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். இந்த ஒரு வேலை அவருக்கு நன்றாகத் தெரியும், ஆயுசு பூராவும் இதைத்தான் செய்திருந்தார். பெயர்களைப் படித்தார். ஊர்களைப் படித்தார். பெண்ணின் தந்தை என்ற வரிக்கு வந்ததும் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். தொழில் எதுவும் இல்லை என்றிருந்தது. ஒற்று வரவேண்டிய இடத்தில் வந்திருந்தது, வரக் கூடாத இடத்தில் வரவில்லை. திரும்ப ஒருமுறை முதலிலிருந்து படித்தார்.

தப்பு ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.